சுவரில் ஒன்று, கூரையில் ஒன்று: பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது பற்றி

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று எப்போது அபூர்வப் பொருள் ஆகிறது, எப்போது கள்ளத் துப்பாக்கி ஆகிறது? வயதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வேலைப்பாட்டை வைத்தும் முடியாது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றி, பழைய துப்பாக்கிகள் இரண்டு விதமான இடங்களில் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று காப்பி எஸ்டேட் பங்களாவின் சுவர். காட்டெருமைத் தலைக்குக் கீழே, எண்ணெய் போட்டுத் துடைத்து. இன்னொன்று மலைக் கிராமத்து வீட்டின் கூரை. சாக்கு சுற்றி, மூங்கிலுக்கும் புல்லுக்கும் நடுவே. முதலாவதைத் தேடி விலை பேசுகிறவர்கள் வருவார்கள். இரண்டாவதைத் தேடிப் போலீஸ் வரும். இரண்டு பேரும் ஏறுவது ஒரே பாதையில்தான். சேலத்துக்கு வடக்கே அடிவாரம், அங்கே சோதனைச் சாவடி, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே வரலாற்றுக்குள் வைத்துப் பேச முடியுமா என்று பார்ப்பதே இங்கே நோக்கம். சேகரிப்பாளர்களின் புத்தகங்கள் முதலாவதை மட்டும் பேசும். நம் பக்கம் எழுதுகிறவர்களோ 'துரைமார் பொழுதுபோக்கு' என்று சொல்லி ஒதுக்கிவிட்டுப் போய்விடுவோம். ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். ஒரு பொருளின் மேல் அதிகாரம் எப்படியெல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறது என்பதற்கு இந்த இரும்பையும் மரக்கட்டையையும்விடத் தெளிவான பிரதி கிடைப்பது கஷ்டம்.

பிரதி என்று சொன்னது சும்மா அல்ல. சேகரிப்பாளர் துப்பாக்கியைச் சுடுவதில்லை, படிக்கிறார். முதலில் குழலைக் கழற்றி அடியில் இருக்கிற முத்திரைகளைப் பார்ப்பார். லண்டன் சோதனைச்சாலையா, 1813-ல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையா? அளவுக்கு மேல் மருந்து போட்டுச் சுட்டு, குழல் வெடிக்காமல் தாங்கினால்தான் அந்த முத்திரை விழும். கரிமருந்துக்கு மட்டும் தாங்கியதா, அதற்குப் பிறகு வந்த புகையில்லா மருந்தையும் தாங்கியதா என்பதும் அங்கேயே இருக்கும். இரும்பையும் எஃகையும் கம்பிகளாக முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால், ஆற்று மணலில் காற்று போட்ட வரி மாதிரி மேலே ரேகை ஓடும். சுத்தி வெளியே தெரிகிற பழைய மாதிரியா, 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சன், டீலி இருவரும் கொண்டுவந்த, சுத்தியை உள்ளே ஒளித்த மாதிரியா? வால்நட் கட்டையின் நரம்பு எப்படி ஓடுகிறது? யாராவது பின்னால் மெருகேற்றிக் கெடுத்திருக்கிறார்களா? பழைய நீலப்பூச்சு எவ்வளவு மிச்சம்? ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்க்கிறவரின் கண்தான் இது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு எண்ணமில்லை.

குழலின் மேல் பெயர் இருக்கும். செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, விற்றவர் பெயராகவும் இருக்கலாம். மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸை நாம் கடிகாரக் கடையாகவே அறிவோம். 'சென்னை, ரங்கூன்' என்று அந்தக் கடையின் பெயர் பொறித்த வேட்டை ரைபிள்கள் உலகச் சந்தையில் இன்றும் கைமாறுகின்றன. ஓக்ஸ் கம்பெனி பெயரிலும் உண்டு. இங்கிலாந்தில் அடித்த இரும்பு, சென்னையில் பொறித்த பெயர், சுட்டது சேலம் ஜில்லாவிலோ நீலகிரியிலோ பர்மாவிலோ.

கடைசியாகப் பேரேடு. ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் போட்டு, எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று எழுதிவைத்தன. ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இரண்டு துப்பாக்கிகள் இருந்தாலும், எண்ணுக்கு எதிரே மகாராஜா பெயரோ பேர்போன வேட்டைக்காரர் பெயரோ இருந்தால் அதன் மதிப்பே வேறு. விலை போவது அந்தப் பெயருக்குத்தான். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி இதற்குப் பிரசித்தமான உதாரணம். 1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்துத் துணை கவர்னர் ஹூவெட் பரிசளித்தது. கட்டையில் பதித்த சிறு தகட்டில் அந்தச் செய்தி இருக்கிறது. கார்பெட் 1955-ல் கென்யாவில் இறந்த பிறகு அது அவருடைய புத்தகங்களைப் போட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்குப் போய், 2015-ல் ரிக்பி கம்பெனிக்கே திரும்பி வந்தது. அந்தப் புலி 436 பேரைத் தின்றது என்பது கார்பெட் கணக்கு. தகட்டில் கொடுத்தவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு, ஊர்ப் பெயரும் உண்டு. 436-க்கு இடமில்லை. தகடு சிறியது என்று சமாதானம் சொல்லலாம். பேரேடு பெரியதுதானே?

*

அபூர்வம் என்றால் என்ன? குறைவாகச் செய்தது அபூர்வம், நிறையச் செய்து அழிந்துபோனதும் அபூர்வம். சேகரிப்பாளர் சொல்வது இவ்வளவே. இந்தியாவைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒன்று உண்டு: பயத்தால் உண்டான அபூர்வம்.

ரைபிள்களின் போர், அதாவது குழல் துளையளவு, அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று சொல்லப்படும். 1898-ல் ரிக்பி கொண்டுவந்த .450 பெரிய மிருக வேட்டைக்கு எடுத்த எடுப்பில் பேர் வாங்கிவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கும் .450 குண்டுதான். ராணுவம் கழித்துப்போட்ட, களவுபோன மார்ட்டினிகள் எல்லைப்புறத்துக் கலகக்காரர்களின் கையில் இருந்தன. துரைமார் புலி சுடக் கொண்டுவரும் தோட்டா நாளைக்குத் துரைமார் நெஞ்சுக்கே வந்தால்? 1907-ல் .450-ஐ இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை வந்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் சோர்ந்துவிடவில்லை. ஜோசப் லாங் .470 என்றார், ஹாலண்ட் .465 என்றார், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்றார், .475-ம் வந்தது. யானைத் தோலுக்கு இந்த அளவுகளுக்குள் வித்தியாசம் தெரிந்திருக்காது. வித்தியாசம் எல்லாம் மார்ட்டினியின் குழலுக்குள் நுழையக் கூடாது என்பதற்காக.

இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் வாயில் நீர் ஊற உச்சரிக்கும் எண்கள் இவை. .470 இரட்டைக்குழல் என்றால் வேட்டை ரைபிள் வரலாற்றின் சிகரம் என்பார்கள். எனக்கென்னவோ அந்த எண்ணைப் பார்க்கும்போது, ஒரு சாம்ராஜ்யம் தன் குடிமக்களைப் பார்த்து எவ்வளவு பயந்தது என்பதை ஆயிரத்தில் பங்காக அளந்து வைத்த குறிப்பாகவே தெரிகிறது. 20 பங்கு பயம்.

பயம் 1907-ல் தொடங்கியதல்ல. தமிழ்நாட்டில் அதன் தேதி 1801 டிசம்பர் 1. மருது சகோதரர்களின் எழுச்சியை அடக்கிய கையோடு, பாளையக்காரர் நாட்டில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார். சின்ன மருது வளரி வீசுவதில் கெட்டிக்காரர். கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு அதை வீசச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வெல்ஷே தன் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பிற்பாடு மருதுவை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருதுவைத் தூக்கிலிட்டார்கள். மான் அடிக்கவும் ஆள் அடிக்கவும் பயன்பட்ட வளரி இப்போது லண்டன், ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. முதலில் கையிலிருந்து பிடுங்குவது, அப்புறம் காட்சிக்கு வைப்பது. சேகரிப்பின் இலக்கணம் இந்த வரிசையில்தான் ஆரம்பிக்கிறது.

சேலம் நாட்டுக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. 1792 வரை இது திப்புவின் நாடு; ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கம்பெனிக்குப் போனது. 1799-ல் திப்பு விழுந்தபோது அவருடைய ஆயுதங்கள் அதிகாரிகளின் பெட்டிகளுக்குள் போயின. அப்படிப் போன வெள்ளி வேலைப்பாட்டுத் துப்பாக்கி ஒன்று 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததாம். நம் வீட்டுப் பரணில் கிடந்தால் அதற்குப் பெயர் வேறு.

பெயர் வேறாவதற்குச் சட்டம் 1878-ல் வந்தது. லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். ஐரோப்பியருக்கு விலக்கு, பட்டம் பதவி பெற்ற சில இந்தியருக்கு விலக்கு, மற்ற எல்லோருக்கும் லைசென்ஸ். அதே வருஷம் அதே லிட்டன் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கும் கடிவாளம் போட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் விலக்கு, தாய்மொழியில் எழுதினால் ஜாமீன். பத்திரிகைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. மற்ற இடங்களிலும் ரிப்பன் காலத்தில் எடுத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சட்டம் நம்மூருக்கும் வந்தது, நின்றுவிட்டது. எழுத்தையும் இரும்பையும் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி பிரித்துப் பார்த்த மூளையைச் சிறுபத்திரிகை வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் இதற்கு என்ன அர்த்தம்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். மலையின் நல்ல நிலம் எஸ்டேட்டுகளாயிற்று. காப்பித் துரைக்கு லைசென்ஸ் தேவையில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் சாமியைச் சுமந்து வந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறியதாகக் கதை சொல்லும் மலையாளிகளுக்கு (கேரளத்துக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையில் வாழ்வதால் மலையாளி) அது தேவை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்ததும் காடும் ரிசர்வ் ஆனது. காட்டுப்பன்றி ராகிக் காட்டில் இறங்குவதை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை. புலியையும் சிறுத்தையையும் கொன்றால் சர்க்கார் சன்மானம் கொடுத்த காலம் அது. சன்மானம் வாங்குவதற்கு வேண்டிய துப்பாக்கிக்குத்தான் கலெக்டர் கையெழுத்து வேண்டும்.

இன்னொரு காப்பி மலையில் வேறு மாதிரி நடந்தது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் 1860-களிலிருந்தே துப்பாக்கி விலக்கு. பிரிட்டிஷாருக்கு விசுவாசமாக நின்றதற்குக் கூலி. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது; எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. அங்கே கைல்பொள்து பண்டிகைக்குத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள், அது கலாச்சாரம். இங்கே துப்பாக்கி வைத்திருந்தால் அது குற்றம். கொடவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எந்த மலையின் வழக்கம் 'பாரம்பரியம்' என்று பெயர் பெறும் என்பதை அந்த மலையின் வழக்கம் தீர்மானிப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

*

1959-ல் நாமே ஒரு ஆயுதச் சட்டம் செய்துகொண்டோம், 1962 அக்டோபரிலிருந்து நடைமுறை. இன விலக்கு இல்லை. ஆனால் பயத்தின் எண்கணிதம் அப்படியே இருந்தது. ராணுவத் தோட்டா போகக்கூடிய .303 தடைசெய்யப்பட்ட போர். .410 மஸ்கட் தடை. அது வெள்ளையர் காலத்தில் இந்தியப் போலீசுக்கு என்றே.303 துப்பாக்கியின் குழலைக் குடைந்து பெரிதாக்கிச் செய்தது. போலீஸ்காரனே கலகம் செய்தால் ராணுவத் தோட்டா அவனுக்கு உதவக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதை. இன்றைக்கு அரசாங்கத் தொழிற்சாலையில் செய்து பொதுமக்களுக்கு விற்கும் .315 ரைபிளும் இந்த வம்சம்தான். ஆஸ்திரிய மான்லிஷர் தோட்டா இங்கே ஏன் உயிரோடு இருக்கிறது என்றால், இந்தியாவில் எந்த ராணுவமும் அதைப் பயன்படுத்தவில்லை என்ற ஒரே தகுதிக்காக.

இதன்மேல் 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றது. உள்ளே இருந்ததே கையிருப்பு என்றானதும், வெளிநாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற பழைய வெப்லி, மௌசர் எல்லாம் இங்கே பொன்விலைக்குப் போயின. துரைமார் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனவை, ஜமீன் வீடுகளில் கிடந்தவை, ராஜாக்களின் ஆயுதசாலைகளிலிருந்து வெளிவந்தவை என்று எல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்ற ஆரம்பித்தன. எத்தனை பணம் இருந்தாலும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. 1983-லிருந்து ஆளுக்கு மூன்று. 2019 திருத்தத்தில் முதலில் ஒன்று என்றார்கள், ராஜபரம்பரைகள் குரல் எழுப்பியதும் இரண்டு என்றார்கள். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுதான். மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். நில உச்சவரம்புச் சட்டத்தில் பினாமி பெயர்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. இங்கே பினாமி சுலபமில்லை. ஒவ்வொரு பெயருக்கும் லைசென்ஸ் வேண்டும். தேர்தல் வந்தால் எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சேகரிப்பாளர்களின் புலம்பலில் நியாயம் இல்லாமலில்லை. ஸ்டேஷன் அலமாரியில் டமாஸ்கஸ் குழலுக்கு யார் எண்ணெய் போடுவார்கள்?

அவர்களுக்கு ஒரு கதவும் இருக்கிறது. 1959 சட்டத்தின் 45-ம் பிரிவு: வழக்கொழிந்த மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாதது என்றால் சட்டம் அதைத் தொடாது. குழலை அடைத்து, சுத்தியைச் செயலிழக்கச் செய்து, 'இது இனிமேல் துப்பாக்கி அல்ல' என்று அத்தாட்சி வாங்கினால் சுவரில் மாட்டலாம். துப்பாக்கி செத்தால் கலைப்பொருள். இந்தச் சாவுச் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீசாக அலையத் தெம்புள்ளவர் யார் என்பதுதான் கேள்வி. கூரையில் செருகியிருக்கும் துப்பாக்கியும் வழக்கொழிந்த மாதிரிதான். வாய்வழி மருந்து கிட்டித்து, கேப் வைத்து அடிக்கும் மாதிரி, உலக ராணுவங்கள் 19-ம் நூற்றாண்டிலேயே கைவிட்டது. ஆனால் அது சுடும். உயிரோடு இருப்பதுதான் அதன் குற்றம்.

வேட்டையில் விழுந்த மிருகத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் 1999-ல் பட்டறையை மூடும்வரை 43,000-க்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்தார்கள் என்கிறார்கள். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தலைகளையும் தோல்களையும் விற்க முடியாது, வாரிசுக்கு மட்டும் போகும், அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆக, சுவரில் மேலே இருக்கும் தலைக்குச் சந்தை இல்லை, கீழே தொங்கும் துப்பாக்கிக்கு உண்டு. கொன்றதற்கு விலை, செத்ததற்கு இல்லை.

*

ஏற்காட்டில் வாழ்ந்த மிகப் பெரிய ஆயுதச் சேகரிப்பாளர் துப்பாக்கி சேகரித்தவர் அல்ல. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிரூபித்தவர். யாழ்ப்பாணத்தில் தமிழ் விவிலிய வேலை செய்த பீட்டர் பெர்சிவலின் மருமகன். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் ஐவி காட்டேஜில் குடியிருந்தார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தாலும் அஸ்தி இந்த மலைக்குத்தான் வந்தது. கைக்கோடரி, கற்கோடரி, கற்கத்தி என்று அவர் சேர்த்ததெல்லாம் வேட்டையும் வெட்டும் சார்ந்த கருவிகள்தானே. சேர்வராயன் மலையின் புதிய கற்காலக் கோடரிகளும் அதில் உண்டு. வழவழவென்று தீட்டிய இந்தக் கோடரிகளை மலைமக்கள் கோயிலில் சாமியாக வைத்துக் கும்பிட்டார்கள். பழைய ஆயுதத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மலை தனக்கென்று ஒரு பதில் வைத்திருந்தது: பொட்டு வைத்துப் பிள்ளையார் பக்கத்தில் உட்காரவைத்தது. ஃபூட்டின் பதில் எண் போட்டு, மண்ணடுக்கு குறித்து, பட்டியலிட்டது. 1904-ல் அந்தத் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, இன்றும் ஃபூட் தொகுப்பு என்றே பெயர்.

ஃபூட் இல்லாவிட்டால் நமக்கு அந்தக் காலம் தெரிந்திருக்காது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது அந்த அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன். இதே சேர்வராயன் மலையாளிகளின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதியவர். கோடரியும் அளக்கப்பட்டது, அதைக் கும்பிட்டவனும் அளக்கப்பட்டான். ஒரே கட்டிடம், ஒரே காலம்.

துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற ஆளைப் பற்றி எழுதியவர் யாருமே இல்லையா? கென்னத் ஆண்டர்சனைச் சும்மா சொல்லக் கூடாது. 1965-ல் தர்மபுரி பிரியும்வரை சவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எல்லாம் சேலம் ஜில்லா. அவருடைய ஆட்கொல்லிக் கதைகள் பலவற்றில் மணம் வீசுவது இந்தக் காடுகள்தான். 1954-ல் வந்த முதல் புத்தகத்திலேயே சவளகிரிப் புலி வருகிறது. பூசாரி இனத்துப் பைராவுக்கும் ரங்காவுக்கும் பெயர் கொடுத்தார், குணம் கொடுத்தார், சிநேகம் என்றே எழுதினார். அவர் எழுத்தின்படியே இருவரும் திருட்டு வேட்டைக்காரர்கள். ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர், 1895 மாதிரி, பிரௌனிங் வடிவமைத்தது. ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போன அதே ரகம். இன்றைக்கு அந்த மாடலின் பெயரைச் சொன்னாலே சேகரிப்பாளர்கள் ஆண்டர்சன் என்பார்கள். பைராவின் துப்பாக்கி எந்த மாடல்? எந்தக் கொல்லன் அடித்தது? கேட்கிற வழக்கமே இல்லை. காடு ஒன்று, மிருகம் ஒன்று, தடம் பார்த்துச் சொன்னது பைரா. லைசென்ஸ் மட்டும்தான் வித்தியாசம்.

சேர்வராயனுக்கு வடக்கே, அரூர் தாண்டிச் செங்கம் பக்கம் போனால் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று தமிழ்நாடு முழுக்க இப்படிக் கற்கள் உண்டு. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது. எசமான் விழுந்த பிறகும் கள்வரைக் கடித்து நின்ற நாய் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டத் தோன்றிய நாடு இது. நடுகல் செத்தவனை நினைக்கிறது. பங்களாச் சுவர் கொன்றவனை நினைக்கிறது. வேட்டைப் பெருமை நமக்கும் உண்டுதான். பக்கத்துக் கொல்லிமலையின் வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. ஆடி மாதம் சர்க்காரே விழா எடுக்கிறது. ஓரியின் வில்லுக்கு விழா, ஓரி மலைக்காரனின் நாட்டுத் துப்பாக்கிக்கு எஃப்.ஐ.ஆர். என்று நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை.

வேட்டையைத் திருப்பிக் கொடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2006 வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, வேட்டையையும் பொறிவைப்பதையும் மட்டும் வெளியே நிறுத்தியது. காடு இன்றிருக்கும் நிலையில் வேறு வழி இருந்திருக்காது. காணும் பொங்கலுக்கு வாழப்பாடி பக்கம் வங்காநரி பிடித்து ஓடவிடுகிற வழக்கத்துக்கு வனத்துறை அபராதம் போடுகிறது. அதையும் நான் எதிர்க்கப் போவதில்லை. ஆனால் பயிர்க் காவலுக்கு வாய்வழி கிட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 1959 சட்டத்தின் 13-ம் பிரிவிலேயே இருக்கிறதே, அந்த லைசென்ஸ் மலைமேல் எத்தனை பேருக்கு எட்டுகிறது? ஏற்காட்டில் காட்டெருமை காப்பித் தோட்டத்துக்குள் வந்து நிற்கிறது. பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு வழி செய்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், சுடுவது வனத்துறை. மலைக் கிராமத்தில் எந்த வயல் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது?

அதனால் கூரையில் செருகுவது நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயை அறுத்து, தீட்டி, கிடைத்த மரத்தில் கட்டை செதுக்கி, ஈயத்தை உருக்கி ரவை வார்த்து, கரியும் உப்பும் கந்தகமும் இடித்து மருந்து செய்கிற கைவேலை, ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது. குழல் வெடித்து விரல் போனவர்கள் உண்டு, கண் போனவர்கள் உண்டு. இதற்குச் சோதனைச்சாலை இல்லை, முத்திரை இல்லை. "எங்க தாத்தன் காலத்துது, எடுத்துப் பாத்தே வருசமாச்சு" என்கிற வார்த்தைதான் அதன் பேரேடு.

சில வருஷத்துக்கு ஒருமுறை சேலம், தர்மபுரி, நாமக்கல் மலைகளில் போலீஸ் அறிவிப்பு வரும்: நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஊர்க் கவுண்டர் சாட்டுவார். ஸ்டேஷன் வாசலுக்குப் போக யாருக்கும் துணிவிருக்காது; பொது இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று கீழே இருக்கிறவர்கள் சொல்லலாம். இதே மலையாளிகள் வாழும் சித்தேரி மலையடிவாரத்தில் 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. வனம், போலீஸ், வருவாய் மூன்று துறையைச் சேர்ந்த 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023-ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. தேடுதல் என்ற சொல்லை இந்த மலைகள் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

ஒப்படைக்காமல் மாட்டிக்கொண்டால் மகஜர் எழுதுவார்கள். நாட்டுத் துப்பாக்கி ஒன்று, ஒற்றைக்குழல், மொத்த நீளம் இவ்வளவு, குழல் நீளம் இவ்வளவு, மரக்கட்டை பொருத்தியது, கூடவே கரிமருந்து இத்தனை கிராம், ஈய ரவை இத்தனை, கேப் இத்தனை. எடுத்த இடம் வீட்டுக் கூரை, எடுத்த நேரம் இன்னது. சாட்சிகள் இருவர் கையெழுத்து. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏலக் கம்பெனி அட்டவணையில் இருக்கும் குறிப்பும் கிட்டத்தட்ட இந்த வாசகம்தான். இந்த மலைகளின் கொல்லர்கள் அடித்த துப்பாக்கிகளுக்கு அளவோடும் தேதியோடும் யாரேனும் எழுதிவைத்த விவரப் பட்டியல் இது ஒன்றே. வழக்கு முடிந்ததும் கோர்ட் உத்தரவின்படி துப்பாக்கியை உடைத்து அழிப்பார்கள். மகஜர் வழக்குக் கட்டோடு ரிக்கார்டு ரூமுக்குப் போகும். அங்கே வைத்திருக்க வேண்டிய வருஷங்கள் கழிந்ததும் அந்தக் காகிதத்தையும் கழித்துவிடுவார்கள்.